நடுவட்டம் ஓடைத் தண்ணீர்

நடுவட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குப் பின்னால், தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளின் கழிவெல்லாம் வந்து சேரும் ஓடை இருக்கிறது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நான் அதில் விழுந்தேன். தடுப்புச் சுவர் சரிந்துவிட்டதாகத் தகவல் வந்து, பத்திரிகைக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். கூடலூர் வட்டாரச் செய்திகளைப் பல ஆண்டுகளாக அனுப்பிவருபவன் நான். சரிவில் எங்கே நிற்கக் கூடாது என்பது தெரியும் என்று நினைத்திருந்தேன். நான் நின்ற மண்ணும் போனது. வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்து, எலும்பு முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. தூக்குவதற்கு ஆட்கள் இறங்கி வரும்வரை அந்தக் கால் ஓடைத் தண்ணீரிலேயே கிடந்தது.

தண்ணீரில் கிடந்ததை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எலும்புக்குத் தகடு வைத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு வந்தேன். காயம் ஆறுவதுபோல் ஆறி, பிறகு ஓர் ஓரத்தில் வாய் திறந்தது. சீழ் பச்சை நிறத்தில் வந்தது. அதில் ஓர் இனிப்பு வாடை, கெட்டுப்போன திராட்சை வாடை, இருந்தது. என் மனைவி சுசீலா கட்டு மாற்றும்போது முகத்தைச் சுளித்ததே இல்லை. அந்தக் குளிரிலும் ஜன்னலை மட்டும் திறந்துவிடுவாள்.

அதன் பிறகுதான் மலைமேல் ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் மருத்துவ மையத்துக்குப் போனோம். பெயர் இங்கே தேவையில்லை. முன்பக்கம் மருத்துவமனை. பின்பக்கம், கற்பூர மரங்களுக்கு நடுவே, ஆராய்ச்சிக் கட்டடம். இரண்டையும் தகரக் கூரை போட்ட நடைபாதை ஒன்று இணைக்கிறது. வெளிநோயாளிகள் கூடத்தில் எல்லோரும் ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்து ஈரக் குடைகளைக் காலடியில் வைத்திருந்தார்கள். தரை முழுவதும் தண்ணீர். துடைப்பவர் துடைத்துக்கொண்டே இருந்தார். தரை காய்ந்து நான் பார்த்ததில்லை.

அறுவை சிகிச்சை மருத்துவர் போஜன் அதிகம் பேசாதவர். எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, பென்சிலால் ஓர் இடத்தைத் தொட்டார்.

"கிருமி எலும்புக்குள்ள போயிடுச்சு. தகட்டு மேல பாசி மாதிரி படிஞ்சிருக்கு. தகட்ட எடுத்துட்டுச் சுரண்டணும். அப்புறம் மருந்து கேக்குதான்னு பாக்கணும்."

"கேக்கலைன்னா?" என்றேன்.

"கேக்கும்னு வெச்சுட்டு ஆரம்பிப்போம்."

தகட்டை எடுத்தார்கள். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். இந்தச் சோதனை எளிமையானது. சீழில் உள்ள கிருமியை ஒரு தட்டில் வளர்த்து, பல்வேறு மருந்துகளை அதன்மேல் வைத்து, எது கொல்கிறது, எது கொல்லவில்லை என்று பார்ப்பார்கள். என் கிருமியின் பெயர் சூடோமோனாஸ். ஈரமான இடங்களில் சாதாரணமாகவே இருப்பது. எனக்குள் இருந்தது சாதாரணமானது அல்ல. வைத்த மருந்துகளில் ஒன்றைத் தவிர எதுவும் அதைத் தொடவில்லை. அந்த ஒன்றின் பெயர் கொலிஸ்டின். பழைய மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் ஒதுக்கி வைத்திருந்து, வேறு வழி இல்லாதபோது எடுப்பது.

என் வார்டுக் கட்டிலின் பக்கத்துக் கட்டிலில் ஓவேலியிலிருந்து வந்த ராமையா இருந்தார். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். டீயை இன்னமும் தேத்தண்ணி என்றுதான் சொல்வார். காலில் ஆறாத சர்க்கரைப் புண். ஊசி ஏறும்போதெல்லாம் என் பக்கம் திரும்பிக் கேட்பார்.

"என்ன ஐயா, காலுக்குக் குடுக்குறாங்களா, கிட்னிக்குக் குடுக்குறாங்களா?"

அது வேடிக்கைப் பேச்சு மட்டும் அல்ல. தினமும் காலையில் என் இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற பொருளின் அளவைப் பார்த்தார்கள். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு அது. உள்ளே தங்கினால் அளவு கூடும். என்னுடையது கூடிக்கொண்டே போனது. மருந்தைக் குறைத்தால் காய்ச்சல் வந்தது. கூட்டினால் சிறுநீர் குறைந்தது. போஜன் தினமும் சிறுநீர்ப் பையைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு காலைப் பார்ப்பார். ஒரு நாள் முழங்காலுக்குக் கீழே நான்கு விரல் இடம் விட்டு, தோலின்மேல் பேனாவால் ஒரு கோடு போட்டார்.

"இது எதுக்குங்க டாக்டர்?" என்று சுசீலா கேட்டாள்.

"சிவப்பு இதுக்கு மேல ஏறுதான்னு பாக்கறதுக்குங்க அம்மா."

அது முழு உண்மை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது. அவர் போன பிறகு போர்வையை இழுத்து அந்தக் கோட்டை மூடினாள்.

ஆராய்ச்சிக் கட்டடத்திலிருந்து பவித்ரா வந்தது அந்த வாரத்தில்தான். கோபிசெட்டிபாளையத்துப் பெண். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். வெள்ளைக் கோட்டுக்குள்ளே இரண்டு ஸ்வெட்டர். மலைக் குளிர் இன்னும் பழகவில்லை.

"சார், உங்க கிருமி எங்ககிட்ட இருக்குதுங்க. அதுல ஒரு வேலை பண்ணிப் பாக்கலாமான்னு கேக்க வந்தேன்."

அவர் சொன்னது இது. மனிதனைத் தாக்கும் வைரஸ்கள் இருப்பதுபோல, பாக்டீரியாவை மட்டும் தாக்கும் வைரஸ்களும் உண்டு. மனிதனை அவை ஒன்றும் செய்யா. ஒவ்வொன்றும் தனக்கு உரிய பாக்டீரியாவை மட்டும் பிடித்து, உள்ளே புகுந்து பெருகி, உடைத்துக்கொண்டு வெளியே வரும். எந்த மருந்துக்கும் மசியாத கிருமியை இவற்றில் ஒன்று கொன்றுவிடலாம். ஆனால் சரியான ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தேட வேண்டிய இடம், பாக்டீரியா அதிகம் உள்ள இடம். அதாவது சாக்கடை.

ராமையா எழுந்து உட்கார்ந்தார். "சாக்கடத் தண்ணிய ஐயாவுக்கு ஊசில ஏத்தப் போறீங்களாம்மா?"

"அப்படியே இல்லீங்க தாத்தா. வடிகட்டி, சுத்தம் பண்ணி."

"நல்ல வேள, நமக்குச் சக்கரைதான்" என்று மறுபடி படுத்துக்கொண்டார்.

தன்னுடைய பேராசிரியர் சொல்லச் சொன்னதாக இன்னும் இரண்டு விஷயங்களையும் பவித்ரா சொன்னார். கிடைத்தாலும் உடனே கொடுக்க முடியாது, மருத்துவமனையின் அறநெறிக் குழு கூடி அனுமதி தர வேண்டும். கொடுத்தாலும் வேலை செய்யும் என்று யாரும் வாக்குத் தர முடியாது. நான் சரி என்றேன். சரி என்று சொல்வதைத் தவிர அந்தக் கட்டிலில் இருந்தபடி என்னால் செய்யக்கூடியது வேறு எதுவும் இருக்கவில்லை.

அவர்களுடைய உறைபெட்டியில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த வைரஸ்களை முதலில் போட்டுப் பார்த்தார்கள். எதுவும் என் கிருமியைச் சீண்டவில்லை. மருத்துவமனைக் கழிவுநீரிலும் கிடைக்கவில்லை. ஊட்டி ஏரித் தண்ணீரிலும் இல்லை. பவித்ரா கட்டிலருகே வந்து நின்றார்.

"சார், நீங்க விழுந்த எடம் எதுங்க? அந்தக் கிருமி அங்கிருந்து வந்ததுன்னா, அதத் திங்கறதும் அங்கயே இருக்க வாய்ப்பிருக்குது."

அவரே போக நினைத்திருந்தார். ஆய்வக வண்டி பழுதாகி நின்றது, மழையும் விடவில்லை. நடுவட்டத்தில் பேருந்து நிற்கும் இடத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர் என் சகலை சண்முகம். அவர் மனைவி மல்லிகா, சுசீலாவின் தங்கை. அவர்கள் வீட்டிலிருந்து ஓடை கூப்பிடு தூரம். போனைச் சுசீலா பிடிக்க, பவித்ரா பேசினார். சுத்தமான பாட்டிலாக இருக்கட்டும், முக்கால் பாகம் பிடியுங்கள், மூடியை இறுக்குங்கள், வெயில் படாமல் அனுப்புங்கள். அவ்வளவுதான் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எதுவும் விடுபட்டதாக எனக்கும் தோன்றவில்லை.

மறுநாளே ஊட்டிப் பேருந்தில், நடத்துநரின் பையில், தண்ணீர் வந்தது. மூன்று கண்ணாடி பாட்டில்கள். ஒவ்வொன்றையும் பழைய துணியால் சுற்றி, சணல் கயிற்றால் கட்டியிருந்தாள் மல்லிகா. ஒரு டப்பாவில் எனக்கு ரசப்பொடியும் வைத்திருந்தாள்.

பவித்ரா வேலையை எனக்கு விளக்கியிருந்தார். தண்ணீரை வேகமாகச் சுழற்றி மண்ணைக் கீழே தங்க வைப்பார்கள். மிக நுண்ணிய வடிகட்டி வழியாக விடுவார்கள். பாக்டீரியா மேலே நின்றுவிடும், வைரஸ் மட்டும் இறங்கும். அதை என் கிருமியோடு கலந்து ஒரு தட்டில் ஊற்றி, உடம்புச் சூட்டில் ஓர் இரவு வைப்பார்கள். காலையில் தட்டு முழுவதும் என் கிருமி பனிமூட்டம்போல் வளர்ந்திருக்கும். அதைத் தின்னும் வைரஸ் இருந்தால், அந்தப் படலத்தில் ஆங்காங்கே ஓட்டைகள் தெரியும். அவர்கள் தேடியது அந்த ஓட்டைகளை.

ஓட்டை விழவில்லை. மூன்று பாட்டிலிலும் இல்லை.

ஆராய்ச்சியாளர்களின் பழக்கம் ஒன்றை அப்போது பார்த்தேன். முடிவு சரியாக வராவிட்டால் அவர்கள் முதலில் சந்தேகப்படுவது தங்களைத்தான். வடிகட்டி சரியில்லையோ, பெட்டியின் சூடு கூடிவிட்டதோ, தட்டில் ஊற்றியதில் பிழையோ என்று பவித்ரா ஒவ்வொன்றாக மாற்றி, அதே தண்ணீரில் திரும்பத் திரும்பச் செய்தார். தினமும் காலையில் வார்டு வாசலில் நின்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார். சுசீலா அந்த நேரத்துக்கு முகம் கழுவி, பொட்டு வைத்துக் காத்திருப்பாள். தலை எந்தப் பக்கம் ஆடியது என்று பார்த்த பிறகுதான் எனக்கு இட்லி பிய்த்துத் தருவாள். கோட்டின் மேல்பக்கம் சிவப்பு ஏறியிருந்தது. போஜன் புதிய கோடு போடவில்லை.

ஒரு நாள் பவித்ரா உள்ளேயே வந்தார்.

"அம்மா, அந்தத் தண்ணியில எதுவுமே இல்லீங்க. வைரஸ் இல்லாட்டிப் போகுது, சாதாரணக் கிருமிகூட ஒண்ணும் மொளைக்கல. ஓடத் தண்ணி அப்படி இருக்காதுங்களே. வேற எங்காச்சும் புடிச்சாங்களா?"

சுசீலா தங்கையைக் கூப்பிட்டு, போனை ஒலிபெருக்கியில் போட்டாள். மல்லிகாவின் குரல் வார்டு முழுவதும் கேட்டது.

"ஓடையில மொண்டதுதான் அக்கா. எங்க வீட்டுக்காரரு முட்டி அளவு தண்ணியில எறங்கி மொண்டு வந்தாரு. வேணும்னா அவரயே கேளு."

"வேற ஒண்ணும் பண்ணலீங்களா அக்கா?" என்றார் பவித்ரா.

"என்ன பண்றதுங்க? எப்பவும் பண்றதுதான். ரெண்டு கொதி வர விட்டு, ஆற வெச்சு, வெள்ளத் துணியில வடிகட்டி ஊத்துனேன். பாட்டிலயுந்தான் வெந்நியில போட்டு எடுத்தேன். ஆஸ்பத்திரியில மாமாவுக்குக் குடுக்கறதாச்சே, பச்சத் தண்ணியாவா அனுப்புவாங்க?"

மலையில் எந்த வீட்டிலும் நோயாளிக்குக் கொதிக்காத தண்ணீர் கொடுப்பதில்லை. அதைச் சொல்ல வேண்டியதில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை. கொதிக்க வைக்காதீர்கள் என்பதையும் யாரும் சொல்லவில்லை. ராமையாதான் முதலில் சிரித்தார். பிறகு சுசீலா சிரித்தாள், கண்ணீர் வரும் அளவுக்கு. பவித்ராவும் சிரித்தார். நானும் சிரித்தேன், கால் குலுங்கி வலித்தது.

"என்னங்க, எதுக்குச் சிரிக்கறீங்க?" என்று போனில் மல்லிகா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பவித்ரா போனை வாங்கிப் பக்குவமாக விளக்கினார்.

"அப்ப அத நான் கொன்னுட்டேன்" என்றாள் மல்லிகா.

"இல்லீங்க்கா, நாந்தான் சொல்லாம உட்டுட்டேன். இப்ப அப்படியே புடிச்சு அனுப்புங்க, போதும்."

அன்றே பிடித்தார்கள். ஆனால் அன்று இரவு பைக்காராவுக்கு அருகே சாலையில் மரங்கள் விழுந்து போக்குவரத்து நின்றது. மற்ற நாட்களாக இருந்தால் அது எனக்கு ஒரு செய்தி. சண்முகம் பாட்டில்களைக் கடையின் குளிர்பெட்டியில், பால் பாக்கெட்டுகளுக்கு அடியில் வைத்துக் காத்தார். சாலை திறந்ததும் மல்லிகாவே எடுத்துக்கொண்டு வந்தாள். பேருந்தில் வழி முழுவதும் மடியில் வைத்திருந்தாளாம். வார்டுக்கு வராமல் நேராக ஆராய்ச்சிக் கட்டடத்துக்குப் போய், பவித்ராவின் கையில் கொடுத்த பிறகுதான் என்னைப் பார்க்க வந்தாள்.

"பச்சையா கொண்டாந்திருக்கேன் மாமா. கையக்கூடக் கழுவாம புடிச்சேன்."

"கையக் கழுவியிருக்கலாம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை பவித்ரா வாசலில் நிற்கவில்லை. ஓடி வந்தார். கைபேசியில் ஒரு படம். மங்கலான வட்டத் தட்டு, அதில் மழைத்துளி விழுந்த மணல்போலப் புள்ளிப் புள்ளியாக ஓட்டைகள். சுசீலா படத்தைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தாள். மல்லிகா வாங்கிப் பார்த்தாள். ராமையா கையை நீட்டினார், அவரிடமும் கொடுத்தார்கள். "இட்லித் துணி மாதிரி இருக்குது" என்றார்.

அடுத்து நடந்ததைச் சுருக்கமாகவே எழுதுகிறேன், ஏனெனில் அதில் நான் செய்தது எதுவும் இல்லை. அந்த வைரஸைப் பெருக்க வேண்டியிருந்தது. பெருக்கிய பின், செத்த பாக்டீரியாவின் துண்டுகளை நீக்க வேண்டியிருந்தது. அந்தத் துண்டுகள் இரத்தத்தில் போனால் அவையே ஆளைக் கொல்லும். பவித்ரா வீட்டுக்குப் போகாமல் செய்தார். அறநெறிக் குழுவில் வெளியூர் உறுப்பினர் ஒருவர் வர வேண்டியிருந்தது. பேராசிரியர் தொலைபேசியில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். குழு அவசரமாகக் கூடுவதற்கு ஒப்புக்கொண்டது. அந்த அவசரத்துக்கும் சில நாள் தேவைப்பட்டது. குழு தேவையில்லாத ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஓடைத் தண்ணீரிலிருந்து எடுத்ததை ஒரு மனிதனுக்குள் செலுத்துவதற்கு முன் நாலு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பது சரிதான். வேறொருவரைப் பற்றிய செய்தியாக இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

அதற்குள் எனக்குச் சிறுநீர் நின்றது. கொலிஸ்டினை நிறுத்தினார்கள். நிறுத்தியதும் கிருமி இரத்தத்தில் கலந்தது. குளிரில் பல் அடித்துக்கொண்டது. இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. போஜன் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இனி காத்திருக்க முடியாது. கால எடுத்தா ஆள் பொழைப்பீங்க."

"அந்த மருந்து?" என்று சுசீலா கேட்டாள்.

"நாளன்னைக்குக் குழு. இவருக்கு நாளன்னைக்கு இல்லீங்கம்மா."

சுசீலா என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்க சொல்லுங்க" என்றாள். நான் எடுக்கச் சொன்னேன். போர்வையை விலக்கினார்கள். பேனாக் கோடு பாதி அழிந்திருந்தது. போஜன் அதைவிட மேலே, முழங்காலை ஒட்டி, வேறு ஒன்று போட்டார்.

பிழைத்தேன். சிறுநீரகம் மெல்ல மெல்லத் திரும்பியது. இல்லாத பாதத்தில் அரிப்பு எடுக்கும், அது எல்லோருக்கும் உண்டாம். ராமையா ஒரு விரலை மட்டும் இழந்து ஊருக்குக் கிளம்பினார். போகும்போது என் போர்வையின் தட்டையான பக்கத்தைத் தொட்டுக் கும்பிட்டார், வேடிக்கை பேசவில்லை. மல்லிகா கடையைச் சண்முகத்திடம் விட்டுவிட்டு எங்களோடேயே தங்கினாள். கஞ்சி காய்ச்சி வந்தாள், சுசீலாவைத் தூங்க வைத்தாள். ஓடைத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

படுக்கையில் கிடந்தபடி நான் அதை ஒரு செய்தியாக எழுதிப் பார்த்தேன். கொதித்த தண்ணீரால் போன நாட்கள். தன் கருவிகளைச் சந்தேகித்துப் பவித்ரா இழந்த நாட்கள். மரம் விழுந்து போன நாட்கள். குழுவுக்காகப் போனவை. இவற்றில் எதை நீக்கினால் கால் மிஞ்சும்? ஒன்றை நீக்கினாலும் மற்றவை இருந்தன. எல்லாவற்றையும் நீக்கினாலும், தட்டில் வேலை செய்தது உடம்பில் செய்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. இதை மல்லிகாவிடம் சொன்னேன். "சரிங்க மாமா" என்றாள். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போகிற அன்று பவித்ரா எங்களை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார். தகரக் கூரை நடைபாதையில் மல்லிகா என் சக்கர நாற்காலியைத் தள்ளினாள். சுசீலா வார்டிலேயே துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் வர விரும்பவில்லை.

சிறிய அறை. பவித்ரா ஒரு தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. பால்நிறப் படலம், அதில் சுத்தமான வட்ட ஓட்டைகள். வெளிச்சம் அவற்றின் வழியாக வந்தது.

"இந்த வெள்ளையா இருக்கறது சாரோட கிருமி. ஓட்டையெல்லாம் உங்க ஓடையில இருந்து வந்தது."

"இத இனி யாருக்குக் குடுப்பீங்க?" என்றாள் மல்லிகா.

"இது சாரோட கிருமிய மட்டுந்தான் திங்குதுங்க்கா. மத்ததுல போட்டுப் பாத்தோம், தொடல."

"அந்தக் கிருமி இப்ப எங்க இருக்குது?"

"சார் உடம்புல இல்லீங்க. இங்க ஃப்ரீசர்ல மட்டுந்தான் இருக்குது."

"அப்ப அதயும் கொன்னர்றதுதான?"

பவித்ரா தயங்கினார். "இது பெருகணும்னா அதத் திங்கணுங்க்கா. இத வெச்சுக்கணும்னா அதயும் வளத்துட்டே இருக்கணும்."

மல்லிகா குனிந்து தட்டை நெருங்கிப் பார்த்தாள். மூச்சு படாமல் இருக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"மொத அனுப்புன பாட்டில்லயும் இது இருந்திருக்குமா?"

நான் பவித்ராவைப் பார்த்தேன். இல்லை என்று சொல்லட்டும் என்று நினைத்தேன். அவர் தட்டின் மூடியைப் போட்டார்.

"தெரியலீங்க்கா. கொதிச்ச தண்ணியில அதக் கண்டுபுடிக்க வழி இல்ல."

"இருந்திருக்கும்" என்றாள் மல்லிகா.

பவித்ரா தட்டைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். மல்லிகா குனிந்து, நாற்காலியின் பிரேக்கை விடுவித்து, என்னை வாசல் பக்கம் திருப்பினாள்.